இடப்பக்கம் தள்ளினால் கட்

நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் அம்மா போனைக் கட் பண்ணியிருக்கிறாரா?

இவனுக்கு அப்பா இறந்த நாளிலிருந்து அதுதான் நடந்துகொண்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது என்று, கடைசிக் காரியத்தை அக்கா பிடித்த வீடியோ காலில் பார்த்தான். அப்பாவைத் தூக்குகிற நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். இவன் விரலால் வீடியோவைத் தள்ளிவிட்டு அவரிடம் பேசப் போய்விட்டான். மகன் பார்க்கிறானா என்று அம்மா திரும்பியபோது திரை கறுப்பாக இருந்தது.

விரல்தான் இவனுக்குச் சோறு போடுகிறது. திரையில் விரல் எங்கே பட்டது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எங்கே எடுத்தார்கள் என்று பார்த்து, தட்டினார்களா தள்ளினார்களா என்று முடிவு செய்யும் புரோகிராம் எழுதுகிறவன். அம்மாவின் போனில் இருப்பதும் இவன் கம்பெனி ஆப்தான். வலப்பக்கம் தள்ளினால் பேசலாம், இடப்பக்கம் தள்ளினால் கட்.

ஒருநாள் மத்தியானம் அக்கா பேசினாள்.

"அம்மாவுக்குக் கை ரொம்ப நடுங்குதுடா. எடுக்கத்தான் போறாங்க, விரல் தப்பிப் போய் கட் ஆயிடுது. நீ வேற மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கே."

"நெஜமாவாக்கா?"

"பின்ன? பெத்தவ புள்ள போன கட் பண்ணுவாளா?"

இவனுக்கு மண்டையில் உறைத்தது. சட்டென்று வேலை செய்ய வேண்டும் என்று மேனேஜர் படுத்திய பாட்டில், விரல் முதலில் அசையும் பக்கத்தையே முடிவாக எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான். நடுங்குகிற விரல் ஒரு மயிரிழை இடப்பக்கம் ஆடினால் போதும்.

பக்கத்து சீட்டில் ஆப்பைச் சோதிக்கிறவன் இருந்தான். எதிலும் குறை சொல்வதால் அவனுக்கு நொட்டை என்று பேர்.

"எங்கம்மாவுக்குக் கை நடுங்குமாம்ப்பா."

"அத இப்பத்தான் கண்டுபிடிச்சியா? ரொம்பப் பாசக்காரப் புள்ளதான்."

இவன், விரல் கொஞ்ச தூரம் போகும்வரை பொறுத்திருந்து, மொத்தத்தில் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும்படி மாற்றினான். நொட்டை கையை உதறி உதறித் தள்ளிப் பார்த்தான். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"இனிமே பேய் புடிச்சவன்கூட போன் எடுக்கலாம்," என்றான்.

புதிய ஆப்பை அக்காவுக்கு அனுப்பினான். சோதனைக்கானது என்பதால், அம்மாவின் விரல் போகும் வழி இவன் கம்ப்யூட்டரிலும் தெரியும்.

"எதுக்குடா இதெல்லாம்? அப்படியே விடேன்," என்றாள் அக்கா.

"அம்மா போன்ல போட்டு வை அக்கா. காலைல கூப்பிடறேன்."

அக்கா இன்னொருமுறை வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள்.

சாயங்காலம் அறையில் தனியாக உட்கார்ந்து, "அம்மா, சாப்டியா?" என்று சொல்லிப் பார்த்தான். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்கு வந்ததும் கூப்பிட்டான். மணி அடித்தது, கட் ஆனது. விரல் போன வழி கம்ப்யூட்டரில் வந்தது. நடுவிலிருந்து இடப்பக்கம் வரை ஒரே நேர்கோடு, ஒரு நடுக்கம் இல்லை. நொட்டை எட்டிப் பார்த்துவிட்டு, புரோகிராம் சரியாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டான்.