ஓடுபாதையில் ஒரு டயர்த் துண்டு

நாத்தனார் வந்து பதினேழு நாளாகியிருந்தது. முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். வாய் ஓயாது. சமையலறைப் பாத்திரங்களையெல்லாம் இஷ்டத்துக்கு இடம் மாற்றிவிட்டாள். ஒரு கரண்டியைத் தேடவே அண்ணிக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அன்று காலை ஏழு மணி விமானத்தில் பாப்பா கிளம்ப, விமான நிலையத்திலேயே வேலை பார்க்கும் அண்ணி அவளைக் கட்டிப்பிடித்து வழியனுப்பிவிட்டு, அப்பாடா என்று வேலைக்குத் திரும்பினாள்.

அண்ணிக்கு ஓடுபாதையைச் சோதிக்கும் வேலை. ஒரு விமானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஜீப்பில் போய், கல், திருகாணி, செத்த பறவை என்று எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். "இதுக்கா அண்ணி இவ்வளவு படிச்சீங்க? ரோடு பெருக்கற மாதிரில்ல இருக்கு?" என்று பாப்பா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

ஏழு மணி விமானம் மேலே போனதும் ஜீப்பை எடுத்தாள். பாதி தூரத்தில் கறுப்பாக ஏதோ கிடந்தது. இறங்கித் தொட்டாள். முழங்கை நீள ரப்பர். இன்னும் சூடு ஆறவில்லை. ரேடியோவை எடுத்தாள்.

"டவர், ஓடுபாதையில டயர் துண்டு கிடக்கு. இப்பப் போன ஃப்ளைட்டோடதுதான். பாதையை மூடிடுங்க."

"நிச்சயமா தெரியுமா?"

"கையில வச்சிருக்கேன் சார், சுடுது."

டவர் சொல்லித்தான் விமானிக்கே விஷயம் தெரிந்தது. எரிபொருள் குறையட்டும் என்று விமானம் ஒன்றரை மணி நேரம் வானத்தைச் சுற்றியது. அண்ணியும் சக ஊழியர்களும் இன்னும் பத்துத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். கை வேலையில் இருந்தாலும் கண் மேலேதான். நடுவில் கணவன் போன் செய்தான்.

"பாப்பா ஏறிட்டாளா?"

"ஏறிட்டா. இறங்கினதும் சொல்றேன்."

தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. விமானம் தரையைத் தொட்டதும் இடது சக்கரத்தில் குப்பென்று புகை கிளம்பியது. மொத்த விமானமும் ஒருமுறை குலுங்கியது. ஆனால் கோடு போட்டது போல் நேராக ஓடி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று ரேடியோவில் கேட்டதும் அண்ணி ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

பயணிகளை இறக்கிவிட்ட பஸ்ஸிலிருந்து பாப்பா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அண்ணி! ஓடுபாதையைச் சோதிக்கறவங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு கேப்டன் மைக்ல சொன்னாரு. அது எங்க அண்ணின்னு நான் ஃப்ளைட் முழுக்கச் சொல்லிட்டேன்!"

பொய்யில்லை. அவள் பின்னால் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது. ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்க, ஒரு பெண்மணி கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள். கடைசியாக வந்த விமானி வாயைத் திறப்பதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள்.

"சார், இவங்க வீட்லயும் இப்படித்தான். ஒரு தூசி இருந்தாக்கூடக் கண்டுபிடிச்சிடுவாங்க."

விமானி விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு மணிக்கு வேற ஃப்ளைட்டாம்," என்றாள் பாப்பா. "நான் போகலை அண்ணி. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே?"

"ரெண்டு நாள் எதுக்கு? ஒரு வாரம் இரு," என்றாள் அண்ணி. தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். இருவரும் கைகோத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தார்கள். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.