மேடம் திறந்த கதவு

உடும்புக் கூண்டின் கதவு திறந்து கிடந்தது அந்த மாதத்தில் இரண்டாவது முறை. அதற்காக அக்காவுக்கு மெமோ வந்தது. 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. இன்னொரு தடவை நடந்தால், விலங்குக் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவளை நுழைவாயிலில் டிக்கெட் கிழிக்க அனுப்பிவிடுவார்கள்.

"நான் சாத்தினேன்டா. கொக்கி விழுந்த சத்தம் என் காதால கேட்டேன்" என்று தம்பியிடம் சொன்னாள். தம்பிக்குப் பூட்டு வேலை. கடைவீதியில் எல்லோரும் அவனைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவன் சந்தேகப்படவில்லை. பஸ் ஸ்டாப் வரை போனபிறகும் கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவள் அவள். கொக்கிதான் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு விலங்குக் காட்சிசாலைக்குப் போனான்.

கம்பிவலைக் கதவு. வெளிப்பக்கம் இரும்புக் கொக்கி, கதவைச் சாத்தினால் தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும் ரகம். ஆட்டிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான். குறையே இல்லை.

"அப்போ யாரு திறக்குறா?"

அக்கா கூண்டுக்குள் கண்ணைக் காட்டினாள். மரக்கட்டை மேல் ஆள் நீளத்துக்குப் படுத்திருந்தது பெண் உடும்பு. எல்லோரையும் அதிகாரி மாதிரி ஏற இறங்கப் பார்ப்பதால் அதற்கு மேடம் என்று பேர்.

"பல்லி ஜாதி, அக்கா. அது போய்..."

"உட்காரு. சும்மா பாரு."

நடைபாதையில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே தீனி மேசையில் முட்டைக் கூடை. அரை மணி நேரம் கழித்து மேடம் இறங்கி வந்தது. பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டிக் கதவு இடுக்கை மேலிருந்து கீழ்வரை தடவியது. கொக்கி இருக்கும் இடத்தில் நின்றது. வலை ஓட்டை வழியாக ஒரு நகத்தை விட்டு அடியிலிருந்து தூக்கியது. வழுக்கியது. காலை மாற்றி வைத்துக்கொண்டு மறுபடி தூக்கியது. கொக்கி எழும்பியதும் மூக்கால் கதவைத் தள்ளியது. இருவரையும் சட்டை செய்யாமல் தாண்டிப் போய் ஒரு முட்டையை எடுத்து, தலையை நிமிர்த்தி விழுங்கியது.

தம்பி எழுந்து போய்க் கொக்கியை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தான். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு வருஷம் பிடித்திருந்தது.

மேடத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார்கள். "பத்து நிமிஷம்தான் இருப்பேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தது, நாக்கை இரண்டு தரம் நீட்டியது, பிறகு கல்லாகிவிட்டது. பத்து நிமிஷம் இருபதானது. அசையவே இல்லை.

"என்னம்மா, என்னைக் கேலி பண்றீங்களா?"

"சார், அதுக்கு உங்களைத் தெரியாது. புது ஆள் நின்னா எதுவும் செய்யாது. கொஞ்சம் ஒளிஞ்சுக்குங்க."

"நானா? ஒளியணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துத் தீனி அறைக்குள் போய்க் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். ஐந்தே நிமிஷத்தில் மேடம் எழுந்து வந்தது. இந்த முறை நகம் வழுக்கவில்லை. கதவு திறந்தது. மேசையில் முட்டைக் கூடை இல்லை. அக்கா அதைத் தீனி அறைக்குள் எடுத்து வைத்திருந்தாள். மேடம் ஒரு கணம் யோசித்தது, நாக்கை நீட்டியது, நேராகத் தீனி அறைக்குத் திரும்பியது.

"அய்யய்யோ, இங்கதான் வருது!" வாளிமேல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார் கண்காணிப்பாளர். மேடம் அவர் காலடியில் இருந்த கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனது.

கீழே இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்த மெமோவைக் குடுங்கம்மா." வாங்கி நான்காகக் கிழித்தார். அன்றே கதவுக்குச் சாவிபோட்டுப் பூட்டும் பூட்டு வந்தது.

அதை மாட்டியவன் தம்பிதான். மாட்டி முடித்தும் கிளம்ப மனம் வரவில்லை. மேடம் வந்து புதுப் பூட்டை நாக்கால் அளந்து பார்த்துவிட்டு, கதவருகிலேயே படுத்துக்கொண்டது.

"பாவம் அக்கா. இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டு நாள் முழுக்க என்ன செய்யும்?"

அடுத்த வாரம் ஒரு மரப்பெட்டி செய்து கொண்டுவந்தான். உள்ளே முட்டை, வெளியே பக்கவாட்டில் இழுக்கும் தாழ்ப்பாள். முதல் நாள் மேடத்துக்குப் பதினோரு நிமிஷம் ஆனது. புரட்டியது, கடித்தது, அக்காவைத் திரும்பிப் பார்த்தது. இரண்டாம் நாள் மூன்று நிமிஷம். மூன்றாம் நாள் நேராகத் தாழ்ப்பாளுக்கே போனது.

"உன் தாழ்ப்பாளைத் திறந்துட்டாளே, கோபம் வரலையா?" என்றாள் அக்கா.

"போ அக்கா. என் கஸ்டமர்ல பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் இழுக்கணும்னு இன்னும் தெரியாது."

பஸ்ஸில் உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்புறம் அடுத்த பெட்டியை வரைந்தான். இரண்டு தாழ்ப்பாள், முதலாவதைத் திறந்தால்தான் இரண்டாவது நகரும். அளவைத் திருத்திக்கொண்டே இருந்தான். நிமிர்ந்தபோது இறங்க வேண்டிய இடம் நான்கு நிறுத்தம் பின்னால் போயிருந்தது.