ராதிசாவ் வீட்டு எரெமியாக்கள்

ராத்மிலாவின் மகனுக்கு ஐந்து வாரம் ஆகியும் பெயர் இல்லை. அந்த மலையூரில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை தாய் தகப்பனுக்குக் கிடையாது. ஞானஸ்நானத்தன்று கோயிலில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பன் என்ன சொல்கிறானோ அதுதான் பெயர். சொன்னபின் மாற்றவும் முடியாது.

மாமனார் ராதிசாவ் மட்டும் பிறந்த அன்றே பிள்ளையை எரெமியா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அது அவருடைய அண்ணன் பெயர். முதல் உலகப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர். பிறகு ராதிசாவின் மூத்த மகனுக்கு அந்தப் பெயர் வந்தது. அவன் இருபத்து நான்கு வயதில், சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து மூழ்கிப்போனான். ராத்மிலாவின் கணவன் பிளாகோ அவனுக்குத் தம்பி.

அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் ராத்மிலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். நாற்பது நாள் முடியுமுன் பிள்ளை பெற்றவள் படி தாண்டக் கூடாது என்பார்கள். ஒரு மதியம் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தாண்டினாள்.

ஞானத்தகப்பனாக நிற்கப்போகும் கிர்ஸ்மான் ஆற்றோரம் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். அவளைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"என்னம்மா, நீயுமா? உன் மாமனார் நேத்துதான் ஒரு குடம் ராக்கியா சாராயத்தோட வந்து ஒரு பேரைச் சொல்லிட்டுப் போனாரு. நீ என்ன கொண்டாந்த?"

"ஒண்ணும் கொண்டாரல அண்ணே. அந்தப் பேரு மட்டும் வேணாம். ரெண்டு பேரை முழுங்கின பேரு அது."

கிர்ஸ்மான் குதிரையின் காலை மெல்லத் தரையில் இறக்கிவிட்டான்.

"சுரங்கத்துல தண்ணி வந்தப்ப நானும் உள்ளதான் இருந்தேன். ஏணியில எனக்குக் கீழ உன் புருசனோட அண்ணன். என் கால் உடைஞ்சுபோச்சு, ஏற முடியல. என் பாதத்தைத் தன் தோள்மேல வச்சு மேல தள்ளினான். 'ஏறுடா கழுத, எனக்கு வழி விடு'ன்னு திட்டிக்கிட்டே தள்ளினான். நான் வெளிய வந்துட்டேன். அவன் வரல."

ராத்மிலாவுக்கு இது யாரும் சொல்லாத கதை. அந்த வீட்டில் மூத்தவனின் சாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

"பதினோரு வருசமா அந்தப் பேரைக் கோயில்ல சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கேன்," என்றான். "ஆனா பெத்தவ நீ. நீ பயந்துகிட்டே கூப்பிடற பேரை நான் வைக்க மாட்டேன். வீட்டுக்குப் போ."

அவள் திரும்பி வந்தாள். மூன்று நாள் அந்தத் தோளும் அந்தத் திட்டும் அவள் மனதைவிட்டுப் போகவில்லை. ஞாயிறு காலை, ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது பிளாகோவிடம், "கிர்ஸ்மான் அண்ணன்கிட்ட சொல்லு, எனக்குச் சம்மதம்னு. மறந்துடாத," என்றாள்.

நாற்பது நாள் முடியாததால் அவளுக்குக் கோயிலுக்குப் போகும் முறை இல்லை. முற்றத்தில் மேசைகளைப் போட்டு, ரொட்டியை அறுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுச் சிறுமி நேவென்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். பெயரை முதலில் வந்து சொல்பவருக்குத் தாய் துண்டு ஒன்றைப் பரிசாகத் தர வேண்டும்.

"லூகா! அத்த, லூகா! எனக்குத்தான் துண்டு!"

ராத்மிலா பூப்போட்ட துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஊர்வலம் வந்தது. ராதிசாவின் முகம் கல்லாக இருந்தது. எல்லோருக்கும் ராக்கியா ஊற்றினார். கிர்ஸ்மானைத் தாண்டிப் போனார். ஞானத்தகப்பனுக்கு முதல் கிண்ணம் தராத விருந்தை ஊர் பார்த்ததில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்மிலா எழுந்தாள். "சொன்னியா?" என்று கணவனைக் கேட்டாள்.

பிளாகோ தலையைச் சொறிந்தான். "குழந்த அழுதுகிட்டே இருந்துச்சா... மறந்தே போச்சு."

"மண்டையில என்ன, வைக்கோலா?"

மாமனார் கையிலிருந்த குடுவையை வாங்கிக் கிர்ஸ்மானின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள். "மாமா, இவர்மேல கோவப்படாதீங்க. வேணாம்னு சொன்னது நான். இன்னிக்குக் காலையில சரின்னு சொல்லி அனுப்பினதும் நான்தான். அது அவர் காதுக்குப் போகல."

பிறகு, ஏணியில் நடந்ததை அவரிடம் சொல்லும்படி கிர்ஸ்மானைக் கேட்டாள். அவன் சொன்னான். கிழவர் கேட்டு முடித்ததும், "கழுதன்னா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

"அவன்தான்," என்றார் ராதிசாவ். கிர்ஸ்மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

லூகா லூகாவாகவே இருந்தான். அடுத்து ஒரு பெண், அதற்கடுத்தும் பெண். "இந்தப் பேருக்காக இன்னும் எத்தனை பெத்துப் போடறது?" என்று ராத்மிலா கிர்ஸ்மானிடம் சண்டைபோட்டாள். நான்காவது பையன். ராதிசாவ் அப்போது படுக்கையில் இருந்தார். செய்தி கேட்டுத் தலையை ஆட்டினார். கோயிலில் கிர்ஸ்மான் பெயரைச் சொன்ன சத்தத்தில் பிள்ளை வீறிட்டதாம்.

அந்த எரெமியாவுக்கு இப்போது அறுபது வயதுக்குமேல். நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றுவிட்டான். முழங்கால் வலி என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது அக்காமாருக்குப் போன் செய்கிறான்.