மூணாவது கியர்

பிரேக் நன்றாக இருந்தது. அதுதான் வம்பாகப் போய்விட்டது.

காலை ஏழு மணிக்கு, மலைப்பாதை சமவெளியைத் தொடும் கடைசி வளைவுக்கு முன்னால், ஈஸ்வரன் சௌசௌ மூட்டை ஏற்றிய லாரியைக் கூழாங்கல் தடத்துக்குள் விட்டான். பிரேக் பிடிக்காத வண்டிகள் ஒதுங்கிக்கொள்ளச் சாலையை விட்டுப் பிரிந்து மேடாக ஏறும் தடம் அது. முழங்கால் ஆழத்துக்குக் கூழாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். சக்கரம் புதையப் புதைய வண்டி தானாக நின்றுவிடும். அப்படித்தான் நின்றது. ஆளுக்கும் கீறல் இல்லை, மூட்டைக்கும் சேதம் இல்லை. பத்து மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் ஸ்டான்லி வந்தான். பொக்லைன் வைத்து வண்டியை ரோட்டுக்கு இழுத்துப்போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, பெடலை மிதித்தான். வண்டி நல்ல பிள்ளையாட்டம் நின்றது.

"பிரேக்குல ஒரு குறையுமில்ல பாய்," என்றான் ஸ்டான்லி.

லாரி முதலாளி பீர் முகமது சத்தம் போடுகிற ஆளில்லை. ஈஸ்வரனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "பயந்துட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அந்த மனுஷன் நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

அந்தத் தடத்துக்கு டிரைவர்கள் வைத்திருந்த பெயர் பால்வாடி. அதற்குள் போகிறவனுக்குச் சத்துமாவு உருண்டை கொடுப்பார்கள் என்று டீக்கடையில் பேச்சு. தடம் போட்டு இரண்டு வருஷத்தில் ஒரு வண்டிகூட அதில் ஏறியதில்லை. முதல் ஆளாக ஏறிய பெருமை, பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டிய ஈஸ்வரனுக்குத்தான் வாய்த்தது. அன்றைக்குச் சாயங்காலமே வத்தலக்குண்டு டீக்கடையில் ஒருத்தன், "அண்ணனுக்குப் பால் மட்டும் போடுப்பா," என்றான். கடையே சிரித்தது. ஈஸ்வரனும் சிரித்துவைத்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் பயப்படவில்லை. பெடலை மிதித்தபோது பெடல் அழுந்தியது, வண்டிதான் கேட்கவில்லை. கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. அதெல்லாம் சத்தியம். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டான்லி தனியாகக் கூப்பிட்டு, "எந்தக் கியர்லண்ணே இறக்குனீங்க?" என்று கேட்டபோது, "மூணாவது," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூணுல இறக்குனா இப்படிக் காந்தாதேண்ணே," என்று தலையைச் சொறிந்தான் ஸ்டான்லி. பத்தொன்பது வருஷ சர்வீஸ்காரர் பொய்யா சொல்லப்போகிறார் என்று விட்டுவிட்டான்.

உண்மை என்னவென்றால், மலை மேலிருக்கும் ஊரைத் தாண்டியதும் ஈஸ்வரன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டுதான் வந்தான். டீசல் மிச்சம், எஞ்சினும் அலறாது. இந்த மலையில் ஓட்டுகிற பாதிப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள், ஒருத்தனும் வெளியே சொல்லமாட்டான். எஞ்சின் இழுத்துப் பிடிக்க வேண்டிய பாரத்தை எல்லாம் அப்போது பிரேக்கே சுமக்கும். சுமந்து சுமந்து சூடேறி, ஒரு கட்டத்தில் கையை விரித்துவிடும். மூன்று மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒன்றும் தெரியாத மாதிரி பிடிக்கும். ஸ்டான்லி மிதித்துப் பார்த்தது அந்த ஆறிப்போன பிரேக்கைத்தான்.

பயந்தாங்கொள்ளி என்ற பெயர் ஒரு பக்கம், தப்பாக ஓட்டினவன் என்ற பெயர் ஒரு பக்கம். இரண்டில் எது மேல் என்று நாலு நாளாக ஈஸ்வரன் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் வாசலுக்குப் போனான். நாலாம் நாள் சாயங்காலம் அவன் மச்சினன் இளஞ்செழியன் சேவுகம்பட்டி வீட்டுக்கு வந்து நின்றான். அவனும் லாரி டிரைவர்தான்.

"மச்சான், ஒங்க வண்டிய பாய் எங்கிட்டக் குடுத்துட்டாரு. கோவிச்சுக்காதீங்க. இப்ப ஏறுறேன், காலையில லோடோட எறங்கி ஒட்டன்சத்திரம் போயிருவேன்."

"சரி மாப்ள."

"பால்வாடிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். ஒங்களுக்கும் சேத்து மானத்தக் காப்பாத்திட்டு வாரேன் பாருங்க."

செழியனும் நியூட்ரலில் இறக்குகிறவன்தான் என்பது ஈஸ்வரனுக்குத் தெரியும். இதுவரை அவன் ஓட்டியது சின்ன வண்டி. இந்த வண்டியின் பாரம் வேறு, இப்போது மகசூல் நேரம், மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றுவார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். செழியன் வாய் ஓட்டைப் பானை. இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு டீக்கடை, நாளை மறுநாள் பாய். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை நடந்தது, இவனுக்கு முதல் நடையிலேயேவா நடந்துவிடப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"பாத்து வா," என்றான். அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாமலும் அவன் மனைவி மணிமேகலை அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது, அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஏங்க, நாலு நாளா நீங்க ஒரு வாய் ஒழுங்காத் திங்கல. என்னதான் பண்ணுது ஒங்களுக்கு? யாரு என்ன சொன்னா என்ன, உசுரோட வந்தீங்கள்ல?"

"நியூட்ரல்ல வந்தேன் மேகலை." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பிழிந்தான். "அதனாலதான் பிரேக்கு காந்துச்சு. ஸ்டான்லிகிட்ட மூணாவது கியருன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குக் கியர் சங்கதி தெரியாது. தம்பியைத் தெரியும். "செழியன்கிட்டச் சொன்னீங்களா?"

அவன் மறுபடி வண்டியைத் துடைக்கக் குனிந்தான்.

"அடப்பாவி மனுசா," என்றவள் போனை எடுத்தாள். மலையில் எந்தக் காலத்தில் டவர் கிடைத்தது! மூன்று தடவை அடித்தும் அந்தப் பொம்பளைக் குரல்தான், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் நேராக மலையடிவாரத்துத் தடத்துக்கு விட்டான். தென்னந்தோப்புகள், கொய்யா விற்கிற தள்ளுவண்டிகள், பள்ளிக்கூட வேன் எல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. அவள் விரல்கள் மட்டும் அவன் தோளில் பதிந்து வலித்தன.

தடத்தின் வாசலில் ஒரு கார் நின்றது. மலைக்குப் போகிற குடும்பம், மரநிழலில் பாய் விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஈஸ்வரனின் லாரி உழுதுவிட்டுப் போன பள்ளத்தை யாரும் நிரவவில்லை. அதில் ஒரு குழந்தை கல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க! காரை எடுங்க! லாரி வருது!" என்று கத்தினான் ஈஸ்வரன்.

"எங்க வருது? ரோடு காலியா இருக்கே," என்றார் குடும்பத்தலைவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

மணிமேகலை பேச்சுக்கு நிற்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். பெற்றவள் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள், மற்றவர்களும் ஓடினார்கள். குடும்பத்தலைவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே காரை எடுத்தார். அதில் கால் மணி நேரம் போயிற்று.

ஈஸ்வரன் மலையைப் பார்த்து நின்றான். வளைவுக்கு மேல் லாரியின் முகப்பு தெரிந்து மறைந்தது. காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். மூணாவது கியரில் இறங்குகிற வண்டி என்றால் மலையே முனகும். ஒரு சத்தமும் இல்லை. நியூட்ரலில்தான் வருகிறான். செத்த நேரத்தில் சத்தம் வந்தது. ஆனால் அது விடாமல் அடிக்கிற ஹாரன்.

துண்டை உருவி வீசினான். "உள்ள போ மாப்ள! உள்ள வுடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வண்டி ரோட்டின் நடுவிலேயே வந்தது. கீழே வளைவைத் தாண்டினால் சந்தைக்குப் போகிற சனம். செழியனின் முகம் தெரிந்தது. வீம்பு அப்போதும் அதில் இருந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தான், அங்கே இடுப்பில் பிள்ளையோடு அக்கா நின்றாள். ஸ்டியரிங்கை ஒடித்தான். கூழாங்கல் நாலா பக்கமும் தெறித்தது. லாரி ஒரு குலுக்குக் குலுக்கி, முக்கால் தடம் ஏறிப்போய்ப் புதைந்து நின்றது.

செழியன் இறங்கி வந்தான். மணிமேகலை அவன் தலையை, கையை, நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள்.

ஒன்பதரைக்குப் பீர் முகமது ஸ்டான்லியோடு வந்து சேர்ந்தார். சத்தம் போடாத மனுஷன் அன்றைக்குப் போட்டார். "ஒரே வண்டி, ஒரே எடம், ரெண்டு தடவை! பிரேக்குல ஒரு குறையும் இல்லைன்னியே ஸ்டான்லி, ரெண்டு உசுரு போயிருந்தா உங்கொப்பனா வந்து குடுப்பான்? இன்னையோட என் வண்டிகளைத் தொடாத." ஸ்டான்லி கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தக் கியர்ல வந்த?" என்று செழியனைக் கேட்டார்.

"மூணாவது பாய்," என்றான் செழியன், கண் இமைக்காமல்.

பீர் முகமது ஈஸ்வரனிடம் வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்க ஈஸ்வரா. பயந்துட்டியான்னு கேட்டேன் பாரு, அந்த வாயக் கழுவணும். நாளைக்கே வந்து வண்டிய எடு."

நாலு நாளாக ஈஸ்வரன் ஏங்கிய வார்த்தை அதுதான். அதைக் கேட்கிறபோது அவன் ஸ்டான்லியைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துத் தொலைத்தான்.

"ஸ்டான்லிய வையாதீங்க பாய். வண்டியில குறையில்ல. நான் அன்னைக்கு நியூட்ரல்ல வந்தேன், பொய் சொல்லிட்டேன். இவனும் இன்னைக்கு நியூட்ரல்லதான் எறங்குனான். எஞ்சின் சத்தமே கேக்கல."

பாய் கையை எடுத்துக்கொண்டார். ஸ்டான்லி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். இனி வேலை போனாலும் போகட்டும், இன்றைக்கு வயிறாரச் சாப்பிடலாம் என்று ஈஸ்வரனுக்குத் தோன்றியது.

செழியன் பாயைப் பார்க்கவில்லை. ஈஸ்வரனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து நான் கிளம்பும்போதே ஒங்களுக்கு இது தெரியுமா மச்சான்?"

மணிமேகலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும்," என்றான் ஈஸ்வரன்.