குழிக்கு அந்தப் பக்கம்

அந்த மெட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன். பழைய வீடியோ கேம் ஒன்றில், குட்டித் தவளை பாலம் பாலமாக ஓடும்போது வரும் மெட்டு அது. கீச்சென்று மூன்றே மூன்று ஒலிகள்தான், ஆனால் கேட்டால் கால் சும்மா இருக்காது! அதை எங்கள் நான்கு பேர் குழுவுக்காக மாற்றி எழுதியிருந்தேன். கீச்சொலி கிளாரினெட்டுக்கு, அடியில் ஓடும் உறுமல் செல்லோவுக்கு, நடுவில் என் கீபோர்டு. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நூலகக் கூடத்தில் நிகழ்ச்சி. நான் வாசிப்பதைக் கேட்க அக்கா முதல் தடவையாக லீவு போட்டுவிட்டு வருகிறாள். எழுதியதே அவளுக்காகத்தான்.

அன்று மதியம், நான் லென்ஸ் தேய்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைசி ஒத்திகை பார்த்தோம். கிளாரினெட் வாசிக்கும் பல் டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"மெட்டே தப்பும்மா. நடுநடுவுல மூணு இடத்துல காணாமப் போயிடுது. முடிவும் அந்தரத்துல நிக்குது."

"அது அப்படித்தான் டாக்டர். சின்ன வயசுலேருந்து கேக்கறேன்."

"ஒரிஜினல் பதிவு நேத்துதான் கிடைச்சுது. நீங்களே கேளுங்க."

போனில் ஓடவிட்டார். மூன்று இடத்திலும் மெட்டு முழுசாக இருந்தது. என் முடிவு வந்ததும் நிற்காமல் மேலே போகத் தொடங்கியது. நான் போனைப் பிடுங்கி அணைத்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

"இத இப்படியே வாசிச்சா மானம் போயிடும். லிஸ்ட்லேருந்து எடுத்துடலாம்," என்றார் டாக்டர். செல்லோ வாசிக்கும் கணக்கு டீச்சர் தலையாட்டினார். எங்கள் நான்காவது ஆள், இழுத்து ஊதும் டிராம்போனைத் துடைத்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர், "ஒரே ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு எடுப்போமே," என்றார்.

வாசித்தோம். பாதியில் ஷட்டருக்கு அடியில் குனிந்து அக்கா உள்ளே வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் அந்தக் கைகள் இடுப்பருகே வெறும் காற்றில் எதையோ பிடித்தபடி நின்றன. மெட்டு காணாமல் போன முதல் இடத்தில் அவள் வலது கட்டைவிரல் அழுந்தியது. இரண்டாவது இடத்திலும், மூன்றாவதிலும்.

"என்னக்கா பண்ற?"

"குதிக்கிறேன்டீ! அங்கதான நான் குதிப்பேன்!"

டாக்டர் தொடையில் தட்டினார். "அட! பழைய மெஷின்ல மூணு சத்தந்தாம்மா ஒரே நேரத்துல வரும். தவளை குதிச்சா வர்ற 'வூப்' சத்தம் மெட்டோட இடத்தப் பிடிச்சுக்கும்! நீங்க எழுதினது கேமோட மெட்டு இல்ல, உங்க அக்கா ஆடின ஆட்டம்!"

வீட்டில் ஆடியவள் அவள். வயர் மாட்டாத ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த நான் ஒப்புக்குச் சப்பாணி. காது மட்டும்தான் எனக்கு வேலை செய்தது.

"அப்ப முடிவு?" என்றேன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பெரிய குழி. ஒரு நாளும் தாண்டினதில்ல. விழுந்ததும் மெட்டு நின்னுடும். கேசட் கெட்டுப்போச்சுன்னு உங்கிட்ட சொல்லிவச்சேன்."

விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவள் என் அக்கா!

"குழிக்கு அந்தப் பக்கமும் மெட்டு இருக்கு," என்றார் டாக்டர். "இப்பவே எழுதித் தர்றேன். நாலு பேருக்கும்."

"பழகுங்க. நான் இப்பக் கேக்க மாட்டேன், நாலு மணிக்குத்தான்," என்று அக்கா ஷட்டருக்கு வெளியே போய்விட்டாள்.

நான்கு மணிக்கு அவள் முதல் வரிசையில், வெறுங்கையில் இல்லாத ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். பஸ் டிரைவர் அவள் கட்டைவிரலையே பார்த்தார். அது அழுந்தியதும் டிராம்போன் குழாயை இழுத்து 'வூப்' என்றார். கூடமே சிரித்தது. அடுத்த இரண்டு குதிப்புக்கும் குழந்தைகள் எழுந்து குதித்தார்கள்.

குழி வந்தது. அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் அழுத்தினாள். டிராம்போன் மேலே, மேலே, இன்னும் மேலே போனது. நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக அந்தப் பக்கம் இறங்கினோம்.

"தாண்டிட்டேன்டீ!"

நூலகத்தில் அப்படி யாரும் கத்தக் கூடாது. ஒருவரும் அவளைக் கண்டிக்கவில்லை. மெட்டு புது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கைகளை மடியில் வைத்துவிட்டு, முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்து கேட்டாள்.