திருட்டுப் போன தொட்டிகள்

ஒரு பருவம் பூத்துவிட்டுச் சாகிற செடிகளை என் வீட்டுக்காரர் வளர்த்திருந்தால் எனக்கு இந்தப் பாடே இல்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி, அடுக்குமல்லி என்று அத்தனையும் ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கிற ரகம். மொத்தம் பதினேழு தொட்டி. சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எங்கள் எட்டாவது மாடி வீட்டு வாசலில், நடைபாதையின் இரண்டு பக்கமும் அவைதான்.

எட்டு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து அவரையும் நான்தான் பார்க்கிறேன், செடிகளையும் நான்தான் பார்க்கிறேன். ஜூன் மாத வெயிலுக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். கொசு முட்டை வைக்கும் என்று தொட்டிக்கு அடியில் இருக்கிற ஒவ்வொரு தட்டையும் குனிந்து கவிழ்க்க வேண்டும். நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "சாமு!" என்று கூப்பிடுவார். சாமுண்டீஸ்வரி என்று முழுப்பெயரைச் சொல்ல அவருக்கு எந்தக் காலத்திலும் பொறுமை இருந்ததில்லை. தலையணை சரியில்லை, சாமு. நந்தியாவட்டைக்கு ஊத்துனியா, சாமு. அறுபத்து நான்கு வயதில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். யாரும் கூப்பிடாமல் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும்.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தில் வாரம் மூன்று நாள் இடம் கிடைத்தது. அங்கிருந்து அருண்ராஜ் என்பவர் சக்கர நாற்காலி கொண்டுவந்தார். வீட்டுக்குள் அது நன்றாகத்தான் ஓடியது. வாசலைத் தாண்டி இரண்டடி போனதும் செம்பருத்தித் தொட்டியில் இடித்து நின்றுவிட்டது.

"தொட்டியெல்லாம் கிளியர் பண்ணாத்தான் வீல்சேர் லிஃப்ட் வரைக்கும் போகும் ஆன்ட்டி. இல்லாட்டி அங்கிள வேன்ல ஏத்த முடியாது," என்றார்.

"செடி எங்கயும் போகாது," என்றார் இவர், வாய் குழற. "நானும் எங்கயும் போகல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாளைக்கு நான் செத்துட்டா யாருங்க ஊத்துவா? உங்களுக்கு யாருங்க கஞ்சி ஊத்துவா?" என்று கத்திவிட்டேன். அருண்ராஜ் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார். "யாருக்கும் குடுக்க மாட்டேன் சாமு. வேணும்னா வந்து திருடிட்டுப் போகச் சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொடுத்த செடி உருப்படாது, திருடின செடிதான் தழைக்கும் என்பது அவர் நம்பிக்கை. என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். பதினேழும் திருட்டுதான். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது யாரோ ஒருவருடைய வேலியில் ஒடித்தது செம்பருத்தி. அடுக்குமல்லி என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பா வீட்டு வாசலில் திருடியது. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனதைக் கல்யாணமான பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் மாடி மாடியாகப் போய், எங்கள் வீட்டில் வந்து திருடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நான்காவது மாடி ஷபானா, "சீரியஸாவா ஆன்ட்டி?" என்று சிரித்தாள். பத்தாவது மாடிச் சீனப் பெரியவருக்குப் புரியவைக்கத்தான் அரை மணி நேரம் ஆனது.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் திருட்டு. இவர் ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எந்நாளும் இல்லாத குறட்டை விட்டார். வெளியே ஒவ்வொருவராக வந்தார்கள். சீனப் பெரியவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் வந்து அரளியைத் தூக்கினார். ஷபானா அடுக்குமல்லித் தொட்டியைத் தூக்கியதும் குறட்டை நின்றது.

"ஓரத்தப் புடிச்சுத் தூக்காத, உடைஞ்சிரும். அடியில கை குடு!"

பிறகு மறுபடி குறட்டை.

ஐந்து மணிக்கு நடைபாதையில் பதினேழு வட்டக் கறைகள் மட்டும் இருந்தன. விட்டது சனி என்று நான் ஆட வேண்டிய நேரம். எனக்கு அழுகைதான் வந்தது. உள்ளே போனேன். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, தலையணை நனைந்திருந்தது.

திங்கட்கிழமை வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கட்டிலில் விழுந்தேன். நல்ல வெயில், மின்விசிறி, ஒரு சத்தம் இல்லை. ஆனால் தூக்கம் வந்தால்தானே? பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காது தானாக விழித்துக்கொண்டது. அப்படியே மணி நான்காகிவிட்டது.

திரும்பி வந்த வேனிலிருந்து அவரை இறக்கி லிஃப்டுக்குள் தள்ளினேன். எட்டை அழுத்துவதற்குள் அவருடைய இடது கை நான்கை அழுத்தியது.

"வீட்டுக்குப் போகலாங்க. எனக்கு முடியல."

"மல்லிய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம் சாமு."

மல்லி முடிந்தால் ஆறாவது மாடி இட்லிப்பூ, அதன் பிறகு பத்தாவது மாடி அரளி. தொட்டியெல்லாம் ஒரே இடத்தில் இருந்ததே எனக்குச் சுகம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஷபானா வாசலில் மல்லிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். "அங்கிள் வருவாருன்னு தெரியும். நீங்க உக்காருங்க லா ஆன்ட்டி." உட்கார்ந்தேன். அவர் மண்ணைக் கிளறச் சொன்னார். பழுத்த இலையைக் கிள்ளச் சொன்னார். எட்டு மாதத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

விழித்தபோது நடைபாதை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஷபானா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள், தாளிப்பு வாசனை வந்தது. அவர் எனக்கு எதிரே, நான் நிறுத்திய இடத்திலேயே இருந்தார். தோள் துண்டை எடுத்து மடியில் போட்டு, இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது.

"என்னங்க இது! ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"நீ தூங்கிட்டிருந்த," என்றார்.