மணிமொழி பார்லருக்கு மூன்று நட்சத்திரம்

1.
இந்தக் கதை எனக்குப் பொய்ப் பாராட்டுகளிலிருந்து கிடைத்தது. 2017இல் என் மைத்துனி மகளின் கல்யாணத்துக்காக, மணப்பெண் அலங்காரம் செய்பவர்களை இணையத்தில் தேடினேன். நெய்வேலி நகரியத்தில் மணிமொழி நடத்தும் பார்லருக்கு ஐந்து நட்சத்திரங்கள் குவிந்திருந்தன. எழுதிய பெண்கள் எல்லோரும் 'நிலாவாக ஜொளித்திருந்தார்கள்.' எல்லோருக்கும் 'ஜொலி'யில் ஒரே பிழை. எழுதுகிறவனுக்கு இன்னொருவன் கை தெரியாதா? நேரே போய்க் கேட்டேன். மணிமொழி ஒப்புக்கொண்டுவிட்டார். (எனக்கு ஏமாற்றம்தான். மறைத்திருந்தால் கதை நீண்டிருக்கும்.)

2.
'நிலக்கரிப் புழுதி படிந்த அந்த மாலையில் மணிமொழியின் மனமும்...'

வேண்டாம். அன்று புழுதி இல்லை, மாலையும் இல்லை. காலையில் குறிஞ்சிப்பாடி எவாஞ்சலினுக்குத் திருமண அலங்காரம். புது க்ரீமைக் கையில் தடவிப் பார்க்காமல் நேரே முகத்தில் பூசினார் மணிமொழி. மாதா கோயிலுக்குள் நுழைவதற்குள் பெண்ணின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. பிறகு எவாஞ்சலின் அழைத்தபோதெல்லாம் மணிமொழி பயத்தில் போனை எடுக்கவில்லை. ஒற்றை நட்சத்திரத்தோடு, வீங்கிய முகத்தின் படமும் இணையத்தில் ஏறியது. பேசி வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

3.
கலைச்செல்வனை வில்லனாக்க நினைத்தேன். இன்ஜினியரிங் முடித்தவன், அப்பாவின் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, இணையத்தில் கெட்டுப்போன பெயர்களைச் சரிசெய்து கொடுப்பவன். ஆனால் மணிமொழி கூப்பிட்டு வந்தவுடன் அவன் கேட்டது, "அந்தப் பொண்ணுக்குக் கண்ணு இப்ப எப்படிக்கா இருக்கு?"

மணிமொழிக்குத் தெரியவில்லை. தெரியாதது உறுத்தியது.

"அவங்க எழுதுனத நாம அழிக்க முடியாதுக்கா. நல்லதா எழுதி எழுதி அடியில தள்ளிடலாம்."

தள்ளினான். (நடை மோசமில்லை. ஒரு பாராட்டில் மணமகளின் மாமியார்கூட அழுதார்.)

4.
ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஒரு பெண் 'நிலா ஃபேஷியல்' கேட்டாள். அப்படியொன்று கலைச்செல்வனின் கற்பனையில் மட்டுமே இருந்தது. மணிமொழி அவளை அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினார்.

எவாஞ்சலின் வாசலிலேயே நிறுத்தினாள். "கோயில்ல முக்காட எடுக்காமலே நின்னுகினு இருந்தேன். ஆல்பத்த இன்னும் பிரிச்சுக்கூடப் பார்க்கலங்க."

"என் தப்புதாம்மா. பயந்துட்டேன்."

"வீங்குனதுக்காக எழுதலங்க. நீங்க போன் எடுக்காததுக்குத்தான் எழுதுனேன்." வாசலை விட்டு விலகி, "உள்ள வாங்க" என்றாள்.

இங்கே இருவரையும் கட்டிப்பிடித்து அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். நடந்தது காபி மட்டும்.

5.
அன்றே எவாஞ்சலின் பழையதை நீக்கிப் புதிதாக எழுதினாள்: 'க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை. போன் எடுக்கவில்லை. பிறகு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார்.' மூன்று நட்சத்திரம்.

கலைச்செல்வன் பதறினான். "ஒண்ணுக்கு மூணு பரவால்லதான், ஆனா மூணும் நம்ம சராசரியக் குறைக்கும்க்கா. எடுக்கச் சொல்லுங்க."

"உன்னோடத எடு, தம்பி."

"எல்லாத்தயுமா? அப்புறம் இது ஒண்ணுதான்க்கா நிக்கும்!"

"நிக்கட்டும்."

எடுத்துவிட்டான்.

பிறகு கூட்டம் அலைமோதியது என்று எழுதினால், நானும் கலைச்செல்வன்தான். கடை மூடியது என்றால், மணிமொழியை நான் அழவிடுகிறேன். ஆகவே இரண்டும் இல்லை. உங்கள் வீட்டில் கல்யாணம்; அலங்காரத்துக்கு ஆள் தேடுகிறீர்கள். நெய்வேலி, மணிமொழி பார்லர், ஒரே ஒரு கருத்து, மூன்று நட்சத்திரம்.

கூப்பிடுவீர்களா? இப்போதெல்லாம் போனை முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.